வலது கடைவாய்

குணவதி சமையலறையில் இருமுகிறாள் என்று நினைத்து, பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஒரு சனிக்கிழமை காலையில் இஞ்சித் தண்ணீர் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் இருமவில்லை. தொண்டையின் நடுப்பகுதியை இறுக்கி, அங்கிருந்து ஓர் எழுத்தை வெளியே எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரபு மொழியில் அதற்கு ‘ஐன்’ என்று பெயர். தமிழில் அப்படி ஓர் ஒலி இல்லை. அந்த இடத்தில் நமக்கு எழுத்தே பிறப்பதில்லை.

“யாரும்மா உன்னை இப்படிக் கத்தச் சொன்னது?” என்று லெட்சுமி அக்கா கேட்டார்.

“ஒருத்தருக்கு இந்தச் சத்தம் வேணும்க்கா. எனக்கே வராம அவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?”

லெட்சுமி அக்கா கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “சுகுமாரன், நீதான் பாவம் லா” என்று சொல்லிவிட்டுப் போனார். குணவதி சிரித்தபடி இஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி தொடங்கினாள்.

என் மனைவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் இந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. அவள் போன ஆண்டு இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. செய்தித்தாளில் படத்தோடு நாலு வரி போட்டோம். பேச்சுப் பயிற்சியாளர், டத்தோ கிராமாட், பினாங்கு என்று இருந்தது. அந்த நாலு வரியில் அவள் என்ன வேலை செய்தாள் என்பது யாருக்கும் புரிந்திருக்காது. எங்கள் உறவினர்களிலேயே பாதிப் பேர் அவளைக் காது மூக்குத் தொண்டை டாக்டர் என்று நினைத்திருந்தார்கள்.

அவள் பாயான் பாருவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவளும் அதே பேருந்தில் ஏறி ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். மைக்ரோவேவ் அடுப்பும் துணி துவைக்கும் இயந்திரமும் வேலை முடிந்ததும் ‘பீப்’ என்று கத்துமே, அந்தச் சின்னக் கருவிகளைச் செய்யும் இடம். ஒவ்வொன்றையும் கத்த வைத்து, சுத்தமாகக் கத்துவதை ஒரு தட்டிலும் கரகரப்பதை இன்னொரு தட்டிலும் போடுவது அவள் வேலை. நான் அங்கே அலுவலகப் பிரிவில் இருந்தேன். அங்கேதான் பழக்கம். நாள் முழுக்க அதைக் கேட்டுவிட்டு வந்தால் தலை வலிக்காதா என்று ஒருமுறை கேட்டேன். வலிப்பதில்லை, ஆனால் மனிதர்கள் பேசும்போதும் எது கரகரக்கிறது என்று காது தேடுகிறது, அதுதான் தொந்தரவு என்றாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூர் போய்ப் பேச்சுப் பயிற்சி படித்தாள். திரும்பி வந்த பிறகுதான் எங்கள் கல்யாணம்.

பக்கவாதம் வந்து வார்த்தை போனவர்கள், பிறவியிலேயே அண்ணம் பிளந்த பிள்ளைகள், திக்கிப் பேசுபவர்கள் எல்லாரும் அவளிடம் வந்தார்கள். யாருடைய பெயரையும் அவள் வீட்டில் சொன்னதில்லை. ஊரை வைத்தோ தெருவை வைத்தோதான் பேசுவாள். பட்டர்வொர்த் அம்மா, பாலிக் பூலாவ் தாத்தா. அப்படித்தான் ‘சூலியா தெருக்காரர்’ என்று ஒருவர் எங்கள் வீட்டுப் பேச்சில் நுழைந்தார். சாஹித் என்பது அவர் பெயர் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சாஹித் சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்துக் கடை. கீழே கடை, மேலே வீடு. நாக்கின் இடது ஓரத்தில் ஆறாத புண் ஒன்று இருந்து, அது புற்று என்று தெரிந்து, நாக்கின் இடப்பக்கத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் அவருடைய முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னதை குணவதி அன்று மாலை என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினாள்.

“என் நாக்குல இப்ப கை முடி முளைக்குது மிஸ். இனிமே தாடியோட சேத்து அதையும் ஷேவ் பண்ணணும் போல.”

வார்த்தைகள் குழைந்துதான் வந்தன. ஆனாலும் புரிந்தது. வழக்கமாக நோயாளிகளிடம் கேட்பது போல, உங்களுக்கு எதைச் சரியாகப் பேச வரவேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். ஃபோனில் பேச வேண்டும், பேரப்பிள்ளை பெயரைச் சொல்ல வேண்டும், கடையில் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சாஹித், பணம் மாற்றுவதற்கு இந்தப் பேச்சே போதும், வருகிறவர்கள் கால்குலேட்டரைத்தான் பார்க்கிறார்கள் என்றார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குர்ஆனின் முதல் அத்தியாயத்தை ஓதினார். அல்ஹம்து என்று அவர்கள் அதைச் சொல்கிறார்கள். ஏழு சிறிய வசனங்கள். கடைசி வசனத்தில் அவர் குரல் தடுமாறி நின்றுவிட்டது. அந்த வசனத்தில் ஓர் எழுத்து இரண்டு இடத்தில் வருகிறது. தமிழ் முஸ்லிம்கள் அதை ‘ழாத்’ என்பார்கள். அவர் வாயில் அது ஒரு முறையும் பிறக்கவில்லை.

ஏன் அந்த எழுத்துக்கு அவ்வளவு கவலை என்பதையும் அவரே சொன்னார். வாய் ஊனமான ஒருவர் தனக்காகத் தொழும்போது எழுத்து வராவிட்டால் குற்றமில்லை. ஆனால் எழுத்து சரியாக வருகிறவர்கள் பின்னால் நிற்க, வராத ஒருவர் முன்னால் நின்று தொழ வைக்கக் கூடாது. பினாங்கில் அவர்கள் பின்பற்றும் முறை அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாஹித் பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாடியில் உம்மா படுத்திருக்கிறார். இதயம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது. ஒருவர் இறந்தால் அவருக்காகக் கடைசியாகத் தொழும் தொழுகையில் மூத்த மகன் முன்னால் நிற்பது அவர்கள் வழக்கம். உம்மா அதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். என் மய்யத்துக்கு வேறு யாரையும் நிற்க விடாதே, நீதான் நிற்கணும் என்று. மகன் நாக்கில் என்ன ஆனது என்பது அவருக்குப் பாதிதான் தெரியும். வாயில் புண், சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

“உம்மா இருக்கறதுக்குள்ள அந்த எழுத்து எனக்கு வரணும் மிஸ். அவ்ளோதான்,” என்றாராம்.

குணவதிக்கு அரபு தெரியாது. அந்த மொழியின் ஒலிகளைக் கற்றுக்கொள்ள அவள் ஜெலுத்தோங்கில் இருக்கும் சித்தி ஆயிஷா என்பவரிடம் போனாள். பெண்களுக்கு வீட்டில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் உஸ்தாஸா. அப்பா தமிழ் முஸ்லிம், அம்மா மலாய்க்காரர்; ‘சித்தி’ என்பது உறவுமுறை இல்லை, மலாய்ப் பெயர்களில் முன்னால் வருவது. அவர் பேச்சில் தமிழும் மலாயும் மாறி மாறி வரும். நீங்கள் எதற்கு இதைப் படிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மற்றப் பெண்களோடு தரையில் உட்காரச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தும் வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கினார்.

குணவதி அங்கே கற்றதை எல்லாம் வீட்டில் வந்து செய்து பார்ப்பாள். தொண்டையில் மூன்று படி. அடியில் இரண்டு எழுத்து, நடுவில் இரண்டு, மேலே இரண்டு. நாக்கின் வேர் அண்ணத்தைத் தொட்டால் ஒரு ககரம், கொஞ்சம் முன்னால் தொட்டால் வேறொரு ககரம். நாம் சகரம் என்று ஒரே எழுத்தில் அடக்கிவிடுகிற இடத்தில் அவர்கள் மென்மையாக ஒன்று, நாக்கின் பின்பகுதியைத் தூக்கிக் கனமாக ஒன்று, பல்லிடுக்கில் நாக்கு நுனியை வைத்து ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கனமான எழுத்து வந்தால் பக்கத்தில் இருக்கும் உயிரொலியும் சேர்ந்து இருண்டுவிடும். “ஆ” என்பதே இரண்டு விதமாகக் கேட்கும். இதை அவள் எனக்குச் சொல்லிக் காட்டியபோது முதலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அப்போது தெரிந்தது.

“இவங்க வாய்க்குள்ள ஒரு இடத்தையும் சும்மா விடலைங்க,” என்றாள்.

நாக்கின் படம் ஒன்றை வரைந்து குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தாள். பள்ளியில் தமிழ் இலக்கணம் படிக்கும்போது எழுத்துகளின் பிறப்பிடம் என்று நாங்களும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது பரீட்சையோடு போய்விட்டது. இங்கே ஒரு கடைக்காரர் அதற்காக இரவும் பகலும் தூங்காமல் இருக்கிறார் என்பதை நினைத்து அவள் அடிக்கடி அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுவாள்.

பிழை நடந்தது அந்த ‘ழாத்’ விஷயத்தில்தான். அது தமிழர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. நோன்பு மாதத்தை நாம் ரமழான் என்று எழுதுகிறோம். நீதிபதியைக் காழி என்கிறோம். அந்த ழகரம் எல்லாம் அரபியில் இந்த எழுத்து இருக்கும் இடம். சாஹித்தும் அப்படியே எழுதிப் பழகியவர். குணவதியும் அப்படியே படித்தவள்; உஸ்தாஸாவின் பாடம் இன்னும் அந்த எழுத்துக்கு வந்திருக்கவில்லை. ஆகவே ழகரத்தைப் பிடித்துவிட்டால் இந்த எழுத்தும் வந்துவிடும் என்று இருவரும் சந்தேகமே இல்லாமல் நம்பினார்கள். மழை, வாழை, கிழங்கு, புழுக்கம் என்று பயிற்சி நடந்தது. மீதமிருந்த நாக்கு நுனியை மேலே வளைக்க அவள் சின்னக் கரண்டியின் காம்பை வைத்துப் பழக்கினாள். நன்றாகவே வந்தது. எங்கள் வீட்டில் என்னையும் சேர்த்து யாரும் வாழைப்பழத்தை ஒழுங்காகச் சொல்வதில்லை. சாஹித் சொன்னார். பசாரில் பழக்காரர் அவரைப் பார்த்து, பாய், ஆபரேஷனுக்கு முன்னால் நீங்கள் இவ்வளவு நல்ல தமிழ் பேசியதில்லையே என்றாராம். அதைச் சொல்லி அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள்.

அந்த உற்சாகத்தில் அவர் ஓதியதைப் பதிவு செய்து சித்தி ஆயிஷாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதில் சுருக்கமாக வந்தது. இது அந்த எழுத்து இல்லை, தமிழ் ழகரம். நல்ல ழகரம். ஆனால் இதை வைத்துக்கொண்டு முன்னால் நிற்க முடியாது.

சாஹித் அதைக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. உம்மாவை மருத்துவமனையில் சேர்த்து, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் செய்தி வந்தது. அந்த நாட்களில் குணவதி வீட்டில் எந்தச் சத்தமும் செய்யவில்லை. லெட்சுமி அக்கா கூட, உடம்பு சரியாகிவிட்டதா என்று விசாரித்தார்.

ஒருநாள் அவள் வேலையிலிருந்து நேராகச் சித்தி ஆயிஷா வீட்டுக்குப் போய், அந்த எழுத்தை ஓதச் சொல்லி, அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். உஸ்தாஸா சிரித்துவிட்டுச் சம்மதித்தார். ஓதும்போது இடது கன்னம் உள்ளுக்குள் இறுகியது. நாக்கு நுனிக்கு அதில் பெரிய வேலை இல்லை. நாக்கின் ஓரம்தான் மேல் கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்தில் பின்னாலிருந்து முன்னால் அழுந்தி நீள்கிறது. அரபு நூல்களில் முன்னோர் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார் உஸ்தாஸா. நாக்கின் ஓரம், மேல் கடைவாய். பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் எளிது. ஆகவே எல்லாரும் இடப்பக்கத்தில் ஓதுகிறார்கள்.

“வலப்பக்கத்துல ஓதலாமா?” என்று குணவதி கேட்டிருக்கிறாள்.

“போலே, முடியும். ஓதலாம்னுதான் எழுதியிருக்கு. கஷ்டம். ரொம்பப் பேர் முயற்சியே பண்றது இல்ல. தேவை இல்லையே,” என்றார் உஸ்தாஸா.

சாஹித் ஓதப் பழகியதிலிருந்து அந்த எழுத்தை இடப்பக்கத்தில் ஓதியவர். எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. மொழி பழகிய யாருக்கும் அது தெரியாது. இடப்பக்கம் போனதும் எழுத்தும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். வலப்பக்கத்தில் முழு நாக்கு இருந்தது.

மறுநாள் குணவதி சூலியா தெருவுக்குப் போனாள். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். கடையில் வெளிநாட்டுப் பயணிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னால் இவளும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் சாஹித் தலை நிமிராமலே, எந்த நாட்டுப் பணம் என்று கேட்டார்.

“நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன் பாய்,” என்றாள். “திரும்ப முதல்லருந்து ஆரம்பிக்கணும். வருவீங்களா?”

சாஹித் அவளைப் பார்த்தார். பிறகு மேலே, மாடிப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். “என் ழகரத்தை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க மிஸ். பழக்காரன் முன்னால மானம் போயிடும்,” என்றார்.

அதன் பிறகு பயிற்சி வேறு மாதிரி நடந்தது. வலது மேல் கடைவாயின் உள்பக்கத்தில் குணவதி ஒரு துளி கயா தடவுவாள். ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற அந்தத் தேங்காய்ப்பால் ஜாம்தான். நாக்கின் வலது ஓரத்தால் அதைத் துடைத்து எடுக்க வேண்டும். நுனி போகக் கூடாது. இனிப்பு இருக்கும் இடத்தை நாக்கு தானே தேடிப் போகும் என்பது அவள் கணக்கு. நோயாளிகளிடம் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் தன் வாயில் செய்து பார்ப்பவள் ஆகையால், எங்கள் வீட்டில் அந்த மாதம் கயா புட்டி சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. துடைப்பது பழகிய பிறகு, துடைக்காமல் அங்கேயே நாக்கை அழுத்தி வைத்துக் குரல் கொடுக்கச் சொன்னாள். பிறகு நாக்கின் பின்பகுதியைத் தூக்கச் சொன்னாள். அப்போதுதான் எழுத்துக்குக் கனம் வரும்.

சில நாள் வந்தது. சில நாள் வரவில்லை. தனியாகச் சொன்னால் வரும், வசனத்துக்குள் வைத்துச் சொன்னால் நாக்கு பழைய ஞாபகத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். அங்கே அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. முன்கையின் சதைதான் இருந்தது. அதற்கு அரபு தெரியாது என்று சாஹித் சொல்வாராம். கடைசி வசனத்தில் முதல் இடம் கொஞ்சம் எளிதாக வசப்பட்டது. இரண்டாவது இடத்தில் அதே எழுத்து அழுத்தி இரட்டித்து வருகிறது. அது நழுவிக்கொண்டே இருந்தது.

உம்மா ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்தார். குணவதி காலைப் பசியாறலுக்கு ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது சாஹித்திடமிருந்து ஃபோன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் அவள் ஃபோனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். எனக்கும் கேட்டது. உம்மா போயிட்டாங்க மிஸ் என்றார். மதியத் தொழுகைக்குப் பிறகு மய்யத்துத் தொழுகை என்றார். பிறகு வேறெதுவும் சொல்லாமல் அந்தக் கடைசி வசனத்தை ஓதினார்.

குணவதி கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னொரு தடவை, பாய்.”

அவர் மறுபடி ஓதினார்.

“முதல் இடத்துல சரியா இருக்கு. ரெண்டாவது இடத்துல வரல. இடப்பக்கம் போயிடுச்சு.” சற்று நிறுத்தி, “அழுதிருக்கீங்க. மூக்கு அடைச்சிருக்கு. அதனாலயும் இருக்கலாம்,” என்றாள்.

“அப்ப நான் நிக்கலாமா, கூடாதா?”

“சத்தம் வந்துச்சா வரலையான்னு மட்டும்தான் நான் சொல்ல முடியும். மத்ததை உஸ்தாஸாவைக் கேளுங்க பாய்.”

ஃபோன் வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. அம்மா இறந்து கிடக்கிற மனிதரிடம், சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன்.

“அவருக்கு நாக்குதாங்க போச்சு. காது நல்லா இருக்கு. நான் பொய் சொன்னா அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் எப்படி நிப்பார்?” என்றாள். ரொட்டி தீய்ந்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

இருவரும் விடுப்பு சொல்லிவிட்டு, மதியத்துக்கு முன்பே பள்ளிவாசலுக்குப் போனோம். நாங்கள் உள்ளே போகவில்லை. முற்றத்தில் வெளியாட்கள் நிற்கும் இடத்தில், நிழலில் நின்றோம். சாஹித்தை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியான உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை, கைலி. முன்கையில் சதை எடுத்த இடம் பள்ளமாக, பளபளவென்று இருந்தது. அவரைப் பார்க்கச் சித்தி ஆயிஷாவும் வந்திருந்தார். சாஹித்தின் தம்பி இர்வான் அண்ணனை விட்டு நகராமல் நின்றிருந்தார். நேரம் ஆகிறது, முடிவு சொல்லுங்கள் என்று யாரோ வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

“நானா, மய்யத்துத் தொழுகைல அல்ஹம்து சத்தம் போடாமதானே ஓதறது,” என்று இர்வான் அண்ணனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். “அல்லாஹு அக்பர்னு தக்பீர் மட்டும்தான் வெளிய கேக்கும். அது உங்களுக்கு நல்லா வருது. மத்தது யாருக்கு லா கேக்கப் போகுது? போய் நில்லுங்க.”

“எனக்குக் கேக்கும்ல,” என்றார் சாஹித்.

குணவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அதுவரை அந்த விவரம் தெரியாது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதம் அவள் உண்டாக்கப் பாடுபட்ட எழுத்து, அதை ஓத வேண்டிய நாளில் ஒருவர் காதிலும் விழப்போவதில்லை.

சித்தி ஆயிஷா அருகே வந்தார். தன் ஆசிரியரிடம் காலையிலேயே கேட்டுவிட்டதாகச் சொன்னார். “தம்பி, அந்த எழுத்து உங்க வாய்ல பிறக்குது. நான் கேட்டிருக்கேன். சில நேரம் நழுவுது. நழுவினா நிறுத்துங்க. அந்த வார்த்தைக்கே திரும்பிப் போங்க. சரியா வந்த பிறகு மேல போங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் தப்பில்ல.”

சாஹித் தலையாட்டினார். குணவதியைப் பார்த்துவிட்டு முகம் கழுவப் போனார். பிறகு உள்ளே போய் முன்னால் நின்றார்.

பக்கச் சுவரில் ஜன்னல்கள் திறந்திருந்தன. குணவதி முற்றத்தின் ஓரமாகவே நகர்ந்து, அவருடைய வலது கன்னம் தெரிகிற ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றுகொண்டாள். முதல் தக்பீர் தெளிவாகக் கேட்டது. பிறகு அமைதி. நான் அந்த வழக்கம் அறியாதவன் என்றாலும் அந்த அமைதி நீண்டுபோனது எனக்கே தெரிந்தது. வரிசையில் ஒருவர் கால் மாற்றி நின்றார். யாரோ கனைத்தார். வெளியே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய், அதன் சத்தமும் அடங்கியது. என் அருகே நின்ற சீனக் கடைக்காரர் ஒருவர், சாஹித் கடைக்குப் பக்கத்துக் கடையாக இருக்க வேண்டும், பாவம் அழுகிறார் என்று மலாயில் என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குணவதி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு இரண்டாவது தக்பீர் கேட்டது. மற்றவை தாமதமில்லாமல் வந்தன. உம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சாஹித் முன்னால் ஒரு பக்கம் பிடித்திருந்தார். எங்களைக் கடந்து போனார். நிற்க நேரம் இல்லை.

காரில் வரும்போது, மெக்காலிஸ்டர் ரோட்டு சிக்னலில் நின்றபோது, நடுவில் ரொம்ப நேரம் அழுதுவிட்டார் போலிருக்கிறது என்று நான் சொன்னேன்.

“அழல,” என்றாள் குணவதி.

அவ்வளவுதான் சொன்னாள். சிக்னல் மாறியது. எழுத்து வந்ததா என்று நான் கேட்டேன். அதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் கேட்கப் போவதில்லை என்றாள். கேட்கவும் இல்லை. சாஹித் பிறகும் சில மாதம் பேச்சுப் பயிற்சிக்கு வந்தார். தண்ணீர் குடிக்கும்போது வழிவது, ஃபோனில் எண் சொல்வது என்று வேறு வேலைகள் இருந்தன. அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை. குளிர்பெட்டியில் ஒட்டிய நாக்குப் படம் ஓரம் சுருண்டு ஒருநாள் தானாகவே விழுந்தது. அவள் அதைத் திரும்ப ஒட்டவில்லை. அடுத்து பட்டர்வொர்த்திலிருந்து வேறொருவர் வந்திருந்தார். எங்கள் சமையலறையில் வேறு சத்தங்கள் தொடங்கின.

குணவதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் சாஹித் எங்கள் வீட்டுக்கு வந்தார். இறப்புச் செய்தியை அவர் தாமதமாகத்தான் பார்த்தாராம். கூடத்தில் அவள் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டு வந்தேன். பேச்சு தெளிவாகவே இருந்தது. முன்பு அவரைத் தெரியாதவர்களுக்கு நாக்கில் பாதி இல்லை என்று தெரியாது. உம்மாவுக்குப் பிறகு எங்கும் முன்னால் நிற்கவில்லை, கடைசி வரிசையே பழகிவிட்டது என்றார்.

“அண்ணே, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லாமயே இருந்துட்டேன்,” என்றார் பிறகு. “அன்னைக்கு முதல் எழுத்து வந்துடுச்சு. ரெண்டாவது வரல. உஸ்தாஸா சொன்ன மாதிரி திரும்பினேன். வரல. மறுபடி திரும்பினேன். பின்னால அத்தனை பேர் நிக்கறாங்க. இர்வான் கனைக்கறான். முன்னால உம்மா. விட்டுட்டு மேல போயிடலாம்னுகூட ஒரு நேரம் தோணுச்சு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு. அப்புறம் அவங்க கயா தடவுன இடத்தை மட்டும் நினைச்சேன். வந்துச்சு.”

நான் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“எல்லாரும் நான் அழுதேன்னு நினைச்சாங்க. உம்மாவுக்காக அழுதேன்னு சொன்னா மறுக்கவா முடியும்? அப்படியே விட்டுட்டேன். மிஸ்ஸும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும்.”

காரில் அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை நான் அவரிடம் சொன்னேன். எந்த ஜன்னல் பக்கம் போய் நின்றாள் என்பதையும் சொன்னேன்.

சாஹித் படத்தைப் பார்த்தார். “அப்ப பாத்துட்டாங்க,” என்றார்.

கையைத் தூக்கி வலது கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து, தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து, அவள் பழக்கிக் கொடுத்தபடி, வழியாமல் குடித்தார்.